சிலுவை சுமப்பது என்றால் மாமியாரைச் சகிப்பதா? ஒரு விவசாயியின் கதையும் எனக்குள்ள சந்தேகமும்

பாளை_வாலிபன் | செவ்வாய், இரவு 9.12

வருகிற ஞாயிறு எங்கள் சேகரத்தில் வாலிபர் கூடுகை. பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். அதனால் எங்கள் ஐயர் (சபைப் போதகர்) என்னைப் பிடித்துவிட்டார். தலைப்பு மத்தேயு 16:24. தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றுவது.

சின்ன வயதிலிருந்து கேட்கிற வசனம். ஆனால் எங்கள் பக்கம் 'சிலுவை' என்ற சொல் ரொம்பத் தேய்ந்துவிட்டது. ஒருத்தருக்குச் சர்க்கரை வியாதி சிலுவை. இன்னொருத்தருக்குக் குடிகாரத் தம்பி. பலருக்கு மாமியார். (மாமியாரைக் கேட்டால் மருமகள்.) கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் தானாக வந்து தலையில் விழுந்தவை. வசனத்தில் 'எடுத்துக்கொண்டு' என்றல்லவா இருக்கிறது?

அப்படி எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி. ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் மாவட்டத்திலேயே இருக்கிற ஊர் அது. 1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10இல் 'இணைப்புக்குச் சம்மதமா' என்று வாக்கெடுப்பு. நாடு முழுக்க 99.7 சதவீதம் ஆமாம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த ஊரில் வேண்டாம் என்று போட்டவர் ஃபிரான்ஸ் ஒருவர்தான். அதையும் மறைத்து ஊரே ஒருமனதாக ஆமாம் என்றதாக மேலே அனுப்பிவிட்டார்களாம்.

1943இல் போருக்கு அழைப்பு வந்தது. மார்ச் தொடக்கத்தில் என்ஸ் முகாமுக்குப் போய், ஹிட்லருக்காகத் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று நேராகச் சொன்னார். லின்ஸ் சிறை, அப்புறம் பெர்லினில் தேகல் சிறை. ஜூலை 6 மரண தண்டனை. ஆகஸ்ட் 9 பிராண்டன்பர்க்கில் தலையை வெட்டினார்கள். வயது 36.

இதைச் சொன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள். எனக்குத்தான் ஓரிடத்தில் இடறுகிறது. அவருக்கு மனைவி, மூன்று பெண்பிள்ளைகள். மூத்ததற்கு ஆறு வயது நிறையவில்லை. கடைக்குட்டிக்கு மூன்று. தன்னை வெறுப்பது சரி. பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுக்க யார் உரிமை தந்தது? இந்தக் கேள்வியை யாராவது எழுந்து கேட்டால் நான் முழிப்பேன்.

---

ஜெபராணி_டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

தம்பி, 1 தீமோத்தேயு 5:8 வாசித்துப் பாருங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன். இதைவிட நேராகச் சொல்ல முடியாது. வாலிபர் கூட்டத்தில் இப்படிப்பட்ட கதையைச் சொல்லிவிட்டு வந்தால், வேலைக்குப் போகாமல் ஊழியம் ஊழியம் என்று சுற்றுகிற நாலு பையன்களுக்கு நல்ல சாக்குக் கிடைக்கும். எங்கள் தெருவிலேயே ஒருத்தன் இருக்கிறான்.

---

முத்துநகர்_மரியதாஸ் | செவ்வாய், இரவு 10.25

டீச்சர், அவசரப்பட வேண்டாம். இவரை நாங்கள் (ஆர்சி, அதாவது கத்தோலிக்கர்) 2007இலிருந்து அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) என்று அழைக்கிறோம், அதனால் கொஞ்சம் தெரியும்.

முதலாவது, இவர் பிறவிப் புனிதர் இல்லை. தாய் கல்யாணமாகாத பண்ணை வேலைக்காரி. பையன் வாலிபத்தில் சண்டைக்காரன். ஐசனெர்ஸ் என்ற இடத்தில் இரும்புச் சுரங்க வேலைக்குப் போய், அங்கே விசுவாசத்தையும் கொஞ்ச காலம் தொலைத்தார். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் இவர்தான். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். 1936இல் ஃபிரான்சிஸ்காவைக் கட்டிய பிறகுதான் ஆள் ஆழமானார். தேனிலவுக்கு இரண்டு பேரும் ரோமுக்குப் போனார்கள். அப்புறம் ஊர்க் கோவிலில் கோயில்பிள்ளை (மணியடித்து, கோவிலைத் திறந்து பார்த்துக்கொள்பவர்) வேலையும் பார்த்தார்.

இரண்டாவது, யோசிக்காமல் குதித்த ஆள் இல்லை. 1940இல் முதல் அழைப்பு வந்தபோது போனார், பயிற்சியும் எடுத்தார். விவசாயி என்பதால் ஊர் நிர்வாகம் கேட்டு 1941இல் திரும்பி வந்தார். அந்தப் பயிற்சியிலும், ஊரில் கேள்விப்பட்டவற்றிலும் நடப்பதைப் புரிந்துகொண்டுதான் இனிமேல் போகமாட்டேன் என்று முடிவெடுத்தார். சாமியார்களிடம் கேட்டார். லின்ஸ் ஆயர் யோசப் ஃப்ளீசரிடம் நேரில் போய்க் கேட்டார். டீச்சர் சொன்னதையே ஆயரும் சொன்னார்: உன் பொறுப்பு உன் குடும்பம், அரசாங்கம் செய்வதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்கிற பிரிவில் போடுங்கள், வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அதை ஏற்கவில்லை. ஆக, சாகத் துடித்த மனிதர் இல்லை. கொல்ல மாட்டேன் என்பதில் மட்டும்தான் அசையவில்லை.

---

கேள்விக்குறி | புதன், காலை 7.05

எனக்கு மதம் இல்லை, ஆனாலும் இந்தக் குழுவைப் படிப்பேன். ஒரே ஒரு கேள்வி. அதனால் என்ன ஆயிற்று? போர் ஒரு நாளாவது முன்னால் முடிந்ததா? ஒரு உயிராவது பிழைத்ததா? ஊருக்கு ஒரு பிடிவாதக்காரன் இருப்பான். எதில் பிடிவாதம் முடிந்து எதில் தியாகம் தொடங்குகிறது? யாரும் பார்க்காத இடத்தில் செத்தவரை 60 வருஷம் கழித்துப் பீடத்தில் ஏற்றினால் மட்டும் அந்தக் கோடு தெரிந்துவிடுமா?

---

பாளை_வாலிபன் | புதன், காலை 8.30

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. ரோமர் 13ஐ யாராவது எடுப்பீர்கள் என்றும் எதிர்பார்க்கிறேன்.

---

வேதபாடம்_சாமுவேல் | புதன், மதியம் 1.15

எடுக்கிறேன். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்.' அன்றைய ஜெர்மானியச் சபைகளில் பலரும் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்கள். ஒரு அதிகாரம் முன்னால் போய் ரோமர் 12:2ஐப் படித்தால் 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்று இருக்கிறது. என்ன அருமையான தமிழ், கவனித்தீர்களா? வேஷம். உலகம் ஒரு நாடகத்தில் ஒரு பாத்திரம் கொடுத்து, 'போட்டுக்கொள், எல்லோரும் போட்டிருக்கிறார்கள்' என்கிறது. ஃபிரான்ஸ் செய்தது அந்த வேஷத்தைப் போட மறுத்ததுதான். எல்லோரும் 'ஹைல் ஹிட்லர்' என்றால் இவர் 'சீ, ஹிட்லர்' என்கிற மாதிரிப் பதில் சொல்வாராம். நாஜி வசூலுக்குக் காசு தரமாட்டார். பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த உதவித்தொகையையும் வாங்கவில்லை. கடைசி 'மாட்டேன்' திடீரென்று வரவில்லை. அதற்கு முன்னால் ஐந்து வருஷமாகச் சின்னச் சின்ன 'மாட்டேன்'கள்.

ஒரு தகவல். அதே 1943இல், ஃபிரான்ஸ் தேகல் சிறையில் இருந்த அந்த மூன்று மாதமும் லூத்தரன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபரும் அதே சிறையில் இருந்தார். ஏப்ரல் 5இல் அவரைக் கைது செய்திருந்தார்கள். இரண்டு பேரும் இரண்டு வழி. போன்ஹோஃபர் படித்த வீட்டுப் பிள்ளை. 1939இல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கலாம், ஒரு மாதம்கூட நிறையாமல் கப்பல் ஏறித் திரும்பினார். ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டவர்களோடு சேர்ந்தார். 1945 ஏப்ரல் 9இல் தூக்கு. (காந்தியைப் பார்க்க இந்தியாவுக்கு வர ஆசைப்பட்டு, 1934இல் காந்தியிடமிருந்து அழைப்பும் வாங்கியவர். வர முடியவில்லை.) ஃபிரான்சுக்கு எட்டாம் வகுப்புத்தான். எந்தச் சதியிலும் இல்லை, எந்த அமைப்பும் இல்லை. எனக்கென்னவோ போன்ஹோஃபரைவிட ஃபிரான்ஸ்தான் அதிகமாக உறுத்துகிறார். போன்ஹோஃபரைப் படித்தால் 'அவர் பெரிய ஆள்' என்று தப்பித்துக்கொள்ளலாம்.

கேள்விக்குறிக்கு: தேகலில் சிறைச் சாமியார் ஃபிரான்சிடம், முந்தின வருஷம் ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவும் ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து 1942 ஆகஸ்டில் கொல்லப்பட்டார் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் இவருக்கு அவ்வளவு நிம்மதி. ரைனிஷின் மரணத்தால் 'என்ன ஆயிற்று' என்று 1942இல் கேட்டிருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருப்போம்.

---

ஆற்றங்கரை_மருமகள் | புதன், இரவு 11.02

இவ்வளவு பேசியாயிற்று. மரியதாஸ் அண்ணாச்சி தேனிலவு என்று ஒரு வரி எழுதினார், அதோடு சரி. நான் ஃபிரான்சிஸ்காவைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகப் போகும்.

அந்த அம்மாவும் முதலில் தடுத்துத்தான் பார்த்தார். எந்த மனைவி தடுக்க மாட்டாள்? ஊரே அவர்மேல் பாய்ந்தது. இந்தப் பக்திக்காரி வந்துதான் அவனை இப்படி மாற்றிவிட்டாள் என்று. (கல்யாணத்துக்கு முந்தின மோட்டார் சைக்கிள் காலத்தை ஊர் மறந்துவிட்டது.) மாமியார் ஒரு பக்கம். ஒரு கட்டத்தில் ஃபிரான்சிஸ்கா, எல்லோரோடும் சேர்ந்து தானும் கணவரை நெருக்குவதை நிறுத்திக்கொண்டார். நானும் கூட நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இருந்திருக்க மாட்டார்களே என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

சிறையில் இருந்த மாதங்களில் இவருக்கு அவர் கடிதம், அவருக்கு இவர் கடிதம். ஃபிரான்சிஸ்கா எழுதுவதெல்லாம் வைக்கோல், மாடு, பிள்ளைகள் செய்கிற சேட்டை. நிலத்து வேலை முழுக்க இவர் தலையில். ஜூலையில் பங்குச் சாமியாரோடு ரயிலேறி பெர்லின் போனார். பார்க்க விட்டது கொஞ்ச நேரம். அதிலும் கூட வந்த சாமியார், மனதை மாற்றிக்கொள் என்று ஃபிரான்சுக்குப் புத்தி சொல்லவே நேரத்தை எடுத்துக்கொண்டாராம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சாமியார்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம் ஆகஸ்ட் 9. அப்போது ஃபிரான்சிஸ்காவுக்கு வயது 30.

போர் முடிந்தது. இனிமேலாவது நல்லகாலம் என்று நினைப்போம். இல்லை. போரில் செத்த மற்றவர்களின் மனைவிகளுக்கு உதவிப் பணம் கிடைத்தது. இவருக்கு 1950 வரை கிடையாது. உன் புருஷன் போரில் சாகவில்லையே. 1946இல் ஃபிரான்சைப் பற்றிய கட்டுரை ஒன்றை மறைமாவட்டப் பத்திரிகையில் போடக் கேட்டபோது, அதே ஆயர் வேண்டாம் என்றுவிட்டார். கடமை என்று போர்முனைக்குப் போய்ச் செத்த பையன்கள்தான் பெரிய வீரர்கள் என்பது அவர் எண்ணம். ஆக, ஹிட்லர் போன பிறகும் இந்தக் குடும்பம் ஊரில் தலைகுனிந்தே இருந்தது. ஃபிரான்சிஸ்கா என்ன செய்தார் தெரியுமா? கணவர் பார்த்த கோயில்பிள்ளை வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். தன்னை ஏசிய ஊருக்கே மணியடித்துக் கோவிலைத் திறந்து வைத்தார்.

அவர் 2013 வரை இருந்தார். நூறு வயது நிறைந்து சில நாளில் போனார். கணவனோடு வாழ்ந்தது ஏழு வருஷம், அவருக்காக வாழ்ந்தது எழுபது.

பாளைத் தம்பி, பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுக்க யார் உரிமை தந்தது என்று கேட்டீர்களே. யாரும் தரவில்லை. அந்த அம்மா தானாகத் தன் பங்கைக் கொடுத்தார். ஃபிரான்ஸ் அவரிடம் எதையும் ஒளிக்கவில்லை, எல்லாம் பேசித்தான் நடந்தது. நம்முடைய பிரசங்கங்களில் அவர் மட்டும் மேடையில் நிற்கிறார், இவர் அடுக்களையில் நிற்கிறார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மற்றபடி அவர் செய்தது சரியா என்று கேட்டால், பகலில் சரி என்கிறேன், ராத்திரி பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருக்கும்போது தெரியவில்லை.

---

நாசரேத்_பெரியப்பா | வியாழன், காலை 6.20

மருமகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டு நடைக்குப் போகவில்லை.

என் கதை சின்னது, ஃபிரான்சோடு ஒப்பிடக் கூச்சமாக இருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம். ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தேன், எது என்று வேண்டாம். பில் பாஸ் ஆக இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் பங்கு. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, தடுக்காமல் இரு என்பார்கள். தடுக்காமல் இருப்பதற்கும் ஒரு கையெழுத்து வேண்டுமே. நான் போடவில்லை. நாலு வருஷத்தில் மூன்று மாறுதல். கடைசியில் வீட்டிலிருந்து போய்வர முடியாத ஊர்.

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சொன்னேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சாப்பாடு போட்டபடியே கேட்டாள்: 'என் செயினைப் பற்றிச் சொன்னீங்களா?' இரட்டைக் குடித்தனத்தில் பையன் ஃபீஸ் கட்ட அவளுடைய இரண்டரைப் பவுன் செயினை விற்றிருந்தாள். என்னிடம் அடகு என்றுதான் சொல்லியிருந்தாள். நான் மாட்டேன் என்றதற்கு விலை கட்டியவள் அவள். சாட்சி மட்டும் என் பெயரில்.

லூக்கா 14இல் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நான் எனக்கு ஆகிற செலவை மட்டும் கணக்குப் பார்த்தேன்.

---

சீயோன்_செல்வின் | வியாழன், காலை 10.44

கர்த்தர் நம்மை ஆசீர்வதிக்கவே விரும்புகிறார். இப்படிச் சோகக் கதைகளைப் பேசிப் பேசித்தான் நம் ஜனம் தரித்திரத்திலேயே இருக்கிறது. ராஜாவின் பிள்ளைகள் ராஜாவைப் போல வாழ வேண்டாமா?

---

கேள்விக்குறி | வியாழன், காலை 10.58

எந்த ராஜா, கழுதைமேல் வந்தவரா?

---

நெறியாளர் | வியாழன், காலை 11.10

இரண்டு பேரும் போதும். செழிப்பு உபதேசத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

---

முத்துநகர்_மரியதாஸ் | வியாழன், இரவு 9.30

மருமகள் தங்கச்சி சொன்னதைக் கேட்டதும் நம் தேவசகாயம் பிள்ளை ஞாபகம் வந்தது. விசுவாசத்துக்காக 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டார்கள், 2022 மே 15இல் புனிதர் பட்டம். எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் சொந்த ஊரை விட்டு வடக்கன்குளத்தில் போய்க் காலம் தள்ளினாரே, அவரைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? நானே மறையுரைகளில் நாலைந்து தடவைதான் கேட்டிருப்பேன்.

---

கேள்விக்குறி | வியாழன், இரவு 10.15

பெரியப்பா எழுதியதை மதிக்கிறேன். பிடிவாதத்துக்கும் தியாகத்துக்கும் கோடு கேட்டேன். செலவு யாருக்கு ஆகிறது என்று பார்ப்பவனுக்கும் பார்க்காதவனுக்கும் நடுவில் அது இருக்கலாம் என்று தோன்றுகிறது. இது என் யோசனை, வசனம் இல்லை.

ஆனால் ஒன்று. உலகத்தின் வேஷம் என்று நீங்கள் சொல்வது கோவிலுக்கு வெளியில் மட்டும் இல்லை. வரதட்சணைக்குக் கவர் போடாத கிறிஸ்தவக் கல்யாணம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? கல்யாண விளம்பரத்தில் 'ஆவிக்குரிய மணமகன் தேவை' என்று எழுதி அடுத்த வரியில் சாதி எழுதுகிறவர்கள் யார்? 1938இல் ஓட்டுப்போட்ட அந்த ஊரைப் பார்த்துத் தலையாட்டுவது சுலபம்.

---

ஜெபராணி_டீச்சர் | வெள்ளி, மாலை 5.50

நான்தான் வசனத்தை முதலில் வீசியவள், அதனால் நானே வருகிறேன். நேற்று ராத்திரி 1 தீமோத்தேயு 5 முழுவதும் வாசித்தேன். வெட்கமாக இருக்கிறது, இத்தனை வருஷம் எட்டாம் வசனத்தை மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அதிகாரம் பாதிக்குமேல் விதவைகளைப் பற்றியது. உத்தம விதவைகளைச் சபை விசாரிக்க வேண்டும், யாருமில்லாதவளைச் சபை கைவிடக்கூடாது என்றுதான் போகிறது. அதன் நடுவில்தான் எட்டாம் வசனம்.

ஃபிரான்சுக்கு அந்த வசனத்தைக் காட்டின சபை, அவர் போனபின் அதே அதிகாரத்தின்படி அந்த விதவையை விசாரித்திருக்க வேண்டாமா? ஒருத்தன் சிலுவையை எடுக்கும்போது அவன் வீட்டைச் சபை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தால், எத்தனை பேர் எடுப்பார்கள்! அது இல்லாததால்தான் நாங்கள் எல்லோரும் 'குடும்பம் இருக்கிறதே' என்கிறோம். நானும்தான்.

எங்கள் தெருப் பையனைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

---

வேதபாடம்_சாமுவேல் | வெள்ளி, இரவு 8.05

டீச்சர், இதைவிட நல்ல வேதபாடம் நான் நடத்தியதில்லை.

ஒரு சின்னச் சேர்க்கை. 1997இல் பெர்லின் நீதிமன்றம் ஃபிரான்சின் தண்டனையை ரத்து செய்தது. செத்து 54 வருஷம் கழித்து. 2007 அக்டோபர் 26இல் லின்ஸ் கதீட்ரலில் அருளாளர் பட்டம். அது ஆஸ்திரியாவின் தேசிய தினமும்கூட. 94 வயதில் ஃபிரான்சிஸ்கா அங்கே இருந்தார்.

---

பாளை_வாலிபன் | ஞாயிறு, இரவு 10.20

முடிந்தது. முப்பது பேர்போல வந்திருந்தார்கள். பேச்சை மாற்றி எழுதினேன், பாதிக்குமேல் ஃபிரான்சிஸ்கா. மருமகள் அக்காவுக்கு நன்றி. கோயில்பிள்ளை வேலையைத் தான் எடுத்துக்கொண்டார் என்ற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை, ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பையன் தனியாகக் கூப்பிட்டான். கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பெண் வீட்டில் தருகிற தொகையை வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல நினைக்கிறான். ஆனால் அந்தப் பணத்தை அப்படியே வைத்துத்தான் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று வீட்டில் கணக்கு. இவன் 'மாட்டேன்' என்றால் செலவு தங்கச்சி தலையில். 'அண்ணே, நான் என்ன செய்யட்டும்?' என்றான். ஜெபிப்போம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது உறுத்துகிறது. என்ன சொல்லலாம், சொல்லுங்கள்.

---

நாசரேத்_பெரியப்பா | ஞாயிறு, இரவு 10.41

தம்பி, அந்தத் தங்கச்சியிடம் யாராவது கேட்டீர்களா?